மாலை ஏழு மணிக்கு மேல்

சென்ற சனிக்கிழமை மாலை மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவில் நமக்கு ஒரு பெஞ்சியில் இடம் கிடைத்தது. லஸ் பக்கத்தில் வசிக்கும் நேயர்கள் இதை அற்ப விஷயமென்று நினைக்க மாட்டார்கள். ஆனால் இந்த வாரம் நாம் எழுத உட்கார்ந்தது பெஞ்சியைப் பற்றியல்ல; அதில் நம்முடன் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி.

அவர் ஓர் உபாத்தியாயினி. இருபத்திரண்டு வருஷமாகக் கணிதம் கற்பிக்கிறவர். எந்தப் பள்ளிக்கூடம் என்று நேயர்கள் கேட்க வேண்டாம். சொன்னால் நாளைக் காலையிலேயே அந்தப் பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பக்கம் படமாகச் சுற்றி வரும். நாங்கள் பேச ஆரம்பித்தது டிசம்பர் ஸீஸன் கச்சேரிகளைப் பற்றி. அரை மணி நேரத்தில் ஒரு வித்வானைக்கூட முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை. அம்மாளின் கைப்பைக்குள்ளிருந்த கைப்பேசி அதற்குள் பத்தொன்பது தடவை கூவி விட்டது. (எண்ணியவர் நாம். கணிதம் அவர் தொழிலானாலும், இதை எண்ணுவதை அவர் எப்போதோ விட்டு விட்டாராம்.)

"நீங்களே பாருங்கள்" என்று அவர் போனை நம்மிடம் நீட்டினார். பார்த்தோம். ஒரு தாயார், திங்கட்கிழமைப் பரீட்சைக்கு எதுவரை பாடம் என்று கேட்டிருந்தார். இன்னொருவர் பையனுடைய நோட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் படம் பிடித்து அனுப்பி, 'இது சரியா மிஸ்?' என்று வினவியிருந்தார். மூன்றாமவர் எழுதியிருந்தது இது: 'மிஸ், காலையில் உங்களைப் பாண்டி பஜாரில் பார்த்தோம். புடவை ரொம்ப நன்றாயிருந்தது. எந்தக் கடை? அப்புறம், ஸ்ரீராமுக்கு அல்ஜீப்ரா இன்னும் வரவில்லை.' (பையன் பெயரை மாற்றியிருக்கிறோம். அல்ஜீப்ரா மாற்றப்படவில்லை.)

இவற்றையெல்லாம் பார்த்து நாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். நான்காவது செய்தியைப் படித்ததும் சிரிப்பு நின்றது. 'மிஸ், நேற்று ராத்திரி 11.40 வரையில் ஆன்லைனில் இருந்தீர்கள். என் மெஸேஜுக்கு மட்டும் பதில் இல்லை.'

"நேற்று 11.40க்குப் பம்பாயிலிருக்கும் என் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தேன்" என்றார் அம்மாள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா, வேண்டாமா என்று பேச்சு. அதை இவருக்கு நான் விளக்க வேண்டுமா?"

நமக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் இது மனத்தை அரித்துக்கொண்டேயிருந்தது. ஆகவே எழுதுகிறோம்.

உபாத்தியாயர்களின் விலாசம் முன் காலத்தில் ரகசியமாயிருந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். கணக்கு வாத்தியார் எந்தச் சந்தில் இருக்கிறார், அவர் வீட்டுத் திண்ணையில் எத்தனை பேர் டியூஷனுக்கு உட்காருகிறார்கள் என்பது மாட வீதிகளில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த சமாசாரம். ஆனால் அவரைப் பார்க்க வேண்டுமானால் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்து போக வேண்டும். வாசலில் செருப்பை விட்டு, "ஸார் இருக்கிறாரா?" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து அம்மாள் வந்து, "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், உட்காருங்கள்" என்பாள். வந்தவர் உட்காருவார். உட்கார்ந்திருக்கும்போது தாம் கேட்க வந்தது அத்தனை முக்கியமா என்று யோசிப்பார். பாதிப் பேர் அந்த யோசனையிலேயே எழுந்து போய் விடுவதுண்டு. உபாத்தியாயரின் குடும்ப வாழ்க்கைக்கு வேலியாக இருந்தது சட்டமுமல்ல, சுற்றறிக்கையுமல்ல, அந்தத் திண்ணைதான்.

திண்ணையை இடித்தது 2020-ஆம் வருஷம். அந்த மார்ச்சு மாதத்தில் கொள்ளை நோய்க்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். தமிழ்நாட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது வகுப்புப் பிள்ளைகள் 2021 ஜனவரியில் சில வாரங்கள் வந்தார்கள். பிறகு மறுபடியும் பூட்டு. ஒன்று முதல் எட்டு வரையுள்ள சிறு பிள்ளைகள் பள்ளி வாசலை மிதித்தபோது 2021 நவம்பர் முதல் தேதி ஆகி விட்டது. ஏறக்குறைய இருபது மாதம்! அந்த இருபது மாதமும் பள்ளிக்கூடம் உபாத்தியாயருடைய படுக்கையறையில் நடந்தது. நாம் மிகைப்படுத்தவில்லை. மந்தைவெளியில் இரண்டு அறை வீட்டில் குடியிருக்கும் ஒரு விஞ்ஞான ஆசிரியர், பீரோவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, பின்னால் மனைவியின் பழைய புடவையைத் திரையாகக் கட்டி, ஒளிச்சேர்க்கையை நடத்தியதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். திரைக்குப் பின்னால் குக்கர் மூன்று விசில் அடித்தது. ஐம்பது வீடுகளில் அது கேட்டது. மறுநாள் ஒரு பையன், "ஸார் வீட்டில் நேற்று என்ன குழம்பு?" என்று கேட்டானாம்.

போன் அவருடையது. அதற்குக் கட்டிய பணமும் அவருடையது. நம்பரும் அவருடையதே. அந்த நம்பர் அன்று ஐம்பது வீடுகளுக்குப் போயிற்று. வேறு வழியில்லை, அந்த நாளில் அதைக் கொடுக்காமலிருந்தவர்களை நாமே குறை சொல்லியிருப்போம். ஆனால் நோய் போயிற்று, பள்ளி திறந்தது, பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள். நம்பரை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஐம்பது வீடுகள் சேர்ந்துகொண்டேயிருக்கின்றன. அரசாங்கப் பள்ளி ஆசிரியர்களுக்கோ வருகைப் பதிவு, விவரப் பதிவு என்று இலாகாவின் வேலைகளும் அதே போனுக்குள் வந்து குடியேறின.

நிற்க. இந்தப் போனை உபாத்தியாயர்கள் தங்களுக்காக எப்படி உபயோகிக்கிறார்கள் என்று நேயர்களுக்குத் தெரியுமா? நமக்குத் தெரிந்தவர்களை விசாரித்துப் பார்த்தோம். கேட்டவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஆகவே இதைப் புள்ளிவிவரமென்று யாரும் கொண்டாட வேண்டாம்.

தியாகராய நகரில் ஒரு சித்திர ஆசிரியர் இருக்கிறார். பள்ளியில் அவர் போதிப்பது ஆப்பிளும் கூஜாவும். அவருடைய இன்ஸ்டகிராம் பக்கத்தில் இருப்பதோ, பனகல் பார்க் பூக்கடைகளும், ரங்கநாதன் தெருவின் தீபாவளி ஜனக்கூட்டமும், மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் தலையில் மூட்டையுடன் ஏறும் ஸ்திரீயும். ஒவ்வொன்றும் மையினால் போட்ட சித்திரம். முப்பது வருஷமாக அவர் வரைந்தவை பீரோவில் செல்லரித்துக்கொண்டிருந்தன. இன்று அவற்றை ஜப்பானிலிருந்து ஒருவர் பார்த்து விட்டுக் கடிதம் எழுதுகிறார். "எனக்கும் ஒரு கை இருக்கிறது என்று இப்போதுதான் எனக்கே தெரிந்தது" என்றார் அவர். இதைக் கேட்டு நமக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அடையாற்றில் ரசாயனம் போதிக்கும் ஓர் அம்மாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய் விடுகிறார். (2022-இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்ஸார் ஒப்பந்தப்படி சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. அதைச் சுற்றிக் கட்டடங்கள் முளைப்பது நின்றபாடில்லை என்பது வேறு கதை.) கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் இணையதளத்தில் பதிகிறார். பூநாரையைக் கண்ட நாளில் முகநூலில் ஒரு பாரா எழுதுகிறார். இன்னொருவர், மயிலாப்பூர்ப் பாட்டு ஆசிரியை, கலிபோர்னியாவிலிருக்கும் பேத்திக்குத் திரையின் வழியே ஸரளி வரிசை சொல்லிக் கொடுக்கிறார். இங்கே விடியற்காலை என்றால் அங்கே முந்திய நாள் மாலை. தாளம் அரை நொடி பிந்தி வருவதால், பேத்திக்குத் தாளமே வராது என்று கொஞ்ச நாள் பயந்து விட்டாராம்.

மற்றபடி எல்லோரையும் போலத்தான். சமையல் குறிப்பு பார்க்கிறார்கள். பிள்ளைக்கு வரன் பார்க்கிறார்கள். பென்ஷனைப் பற்றி வாதாடுகிறார்கள். பூங்கொத்தின் மேல் 'காலை வணக்கம்' எழுதிய படத்தைப் பெற்று, அதை இருபது பேருக்கு அனுப்புகிறார்கள். இந்தப் படங்களால் நம் தேசத்துப் போன்களெல்லாம் நிறைந்து ஸ்தம்பித்து நிற்கின்றன என்று கூகுள் கம்பெனியார் கண்டுபிடித்ததாக 2018-ஆம் வருஷ ஆரம்பத்தில் அமெரிக்கப் பத்திரிகையே எழுதிற்று. இதில் உபாத்தியாயர்களின் கைங்கரியம் சிறிதல்ல என்பது நம் அபிப்பிராயம்.

எல்லாவற்றையும்விட அவர்கள் முகம் மலர்ந்து சொன்னது ஒன்றுண்டு. பழைய மாணாக்கர்கள்! 1998-இல் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவன் இன்று துபாயிலிருந்து முகநூலில் தேடிப் பிடித்து, "ஸார், என்னை ஞாபகமிருக்கிறதா? ஒரு தடவை வெளியே நிறுத்தினீர்களே" என்று எழுதுகிறான். வெளியே நிறுத்தப்பட்டவர்கள்தான் அதிகமாகத் தேடி வருகிறார்களாம். முதல் ராங்க்காரர்களுக்கு அவகாசம் இருப்பதில்லை.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் ஆட்சேபணை இல்லாமலில்லை. உபாத்தியாயர் என்றால் அவர் இருபத்து நான்கு மணி நேரமும் உபாத்தியாயராகவே இருக்க வேண்டுமென்று நம் சமூகத்துக்கு ஒரு பிடிவாதம். ராத்திரி பதினொன்றே முக்காலுக்குப் பாட சந்தேகம் கேட்பவர்தான், அதே போனில் அதே உபாத்தியாயினி தம் தோழிகளுடன் பெஸன்ட் நகர்க் கடற்கரையில் நின்று சிரிக்கும் படத்தைக் கண்டு, "இதெல்லாம் ஒரு டீச்சர் செய்கிற காரியமா?" என்கிறார். அவர் வீட்டுக்குள் நாம் அழையாமல் நுழைந்து விட்டு, சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறாய் என்று அவரையே கேட்கிறோம்.

இது வெறும் வம்பளப்போடு நிற்பதில்லை. கல்கத்தாவில் புனித சேவியர் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சில நேயர்கள் படித்திருக்கலாம். அங்கே 2021-இல் இங்கிலீஷ் உதவிப் பேராசிரியையாகச் சேர்ந்த ஒருவர், நீச்சலுடையில் எடுத்த படங்களை இன்ஸ்டகிராமில் இட்டிருந்தார். தாம் வேலையில் சேருவதற்கு முன்பே, நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி, ஒரு நாளில் மறைந்து போகும் வகையில் இட்டவை என்பது அவர் வாதம். ஒரு மாணவனுடைய தகப்பனார், தம் பிள்ளை அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நிர்வாகத்துக்குப் புகார் எழுதினார். அம்மாள் ஒரு குழுவின் முன் அழைக்கப்பட்டார்; அந்த அக்டோபரிலேயே வேலை போயிற்று. தாம் நிர்ப்பந்திக்கப்பட்டதாக அவர் சொன்னார். தாமாகவே விலகினார் என்று நிர்வாகம் சொல்லிற்று. அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதற்குப் பதிலாக, பெயர் கெட்டதென்று 99 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கேட்டார்கள். 2022 ஆகஸ்டில் செய்தி தேசமெங்கும் பரவிற்று. புகாரைப் படித்தபோது நமக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. பிள்ளை என்ன பார்க்கிறான் என்பது அந்தப் பிள்ளைக்கும் தகப்பனாருக்கும் இடையேயுள்ள விவகாரமல்லவா? அதற்கு ஏன் மூன்றாம் மனுஷியின் சோற்றில் கை வைக்க வேண்டும்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் நகருக்குத் தெற்கே காட்டாங்கொளத்தூரில், எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் உதவிப் பேராசிரியை ஒருவர், 2025 மே மாதத்தில், ஆபரேஷன் சிந்தூர் என்ற ராணுவ நடவடிக்கையை விமரிசித்துத் தம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எழுதியதற்காகத் தாற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். அவர் எழுதியதை ஒப்புக்கொள்ளாதவர்கள் அநேகர். அந்தச் சமயத்தில் தேசத்தின் நெஞ்சு எப்படிக் கொதித்துக்கொண்டிருந்தது என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆனாலும் ஸ்டேட்டஸ் என்பது கரும்பலகையல்ல. தம்முடைய நம்பரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் தெரிந்து மறைவது அது. கரும்பலகையில் எழுதினால் தலைமை ஆசிரியர் கேட்கட்டும். வீட்டுத் தாழ்வாரத்தில் பேசியதற்கும் அவரே கேட்பதென்றால், அதற்கு எல்லை எங்கே?

இந்த எல்லையைக் கோர்ட்டுகள் அங்குமிங்குமாகத் தேடிக்கொண்டிருக்கின்றன. 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் என்பது பிரஜைகளின் அடிப்படை உரிமை என்று ஏகமனதாகச் சொன்னார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் எண்பது வயது தாண்டிய ஓய்வுபெற்ற நீதிபதி புட்டஸ்வாமி என்பதை நினைக்கும்போதெல்லாம் நமக்கு உற்சாகம் உண்டாகிறது. 2020 ஜனவரியில் திரிபுரா ஹைகோர்ட்டு, சர்க்கார் உத்தியோகஸ்தரும் நடத்தை விதிகளுக்கு உட்பட்டு முகநூலில் தம் அபிப்பிராயத்தைச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. 2023-இல் நம் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு வந்தது. தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர், சக ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரிகளைக் குறை கூறிப் பேசினார் என்று குற்றச்சாட்டு. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்தக் குற்றச்சாட்டை ரத்து செய்தார். மனிதர்களுக்குத் தங்கள் மனக்குமுறலைக் கொட்டித் தீர்க்கவும் உரிமையுண்டு, வீட்டுக்குள் பேசியதற்குத் தண்டிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். திரிபுராவிலும் மதுரையிலும் வழக்காடியவர்கள் உபாத்தியாயர்களல்ல. ஆனால் ஆசிரியர் அறையில் மேலதிகாரியைப் பற்றிக் குமுறாத உபாத்தியாயரை இதுவரையில் நாம் சந்தித்ததில்லை.

விதி என்றவுடன் மயிலாப்பூர்வாசிகளாகிய நமக்கு ஞாபகம் வருகிறவர் சகோதரி சுப்புலக்ஷ்மி. 1886-இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே விதவையாகி, 1911-இல் ராஜதானிக் கல்லூரியில் பி.ஏ. தேறியவர். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைத்தவர். 1922 முதல் லேடி வில்லிங்டன் டிரெயினிங் காலேஜின் தலைவியாக இருந்தவர். அடையாற்றில் 1917-இல் இந்திய மாதர் சங்கம் தோன்றியபோது, அதில் அங்கத்தினராகச் சேர அவரைப் போலத் தகுதி வாய்ந்தவர் யார்? ஆனால் அவர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்த உபாத்தியாயினி. சேரக் கூடாது என்றது விதி. குழந்தை மணத்தைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் புத்தகத்தில் படித்ததா? அவருடைய சொந்த வாழ்க்கையல்லவா அது! அதைச் சொல்வதற்கும் சர்க்கார் விதி குறுக்கே நின்றது. அவர் அங்கத்தினராகவில்லை, பேசுவதை நிறுத்தவுமில்லை. கூட்டங்களில் பேசினார். விவாக வயதை விசாரித்த ஜோஷி கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். 1929-இல் சாரதா சட்டம் நிறைவேறிற்று. பிற்காலத்தில், 1956-இல், மயிலாப்பூர் மாதர் கிளப்பார் வித்யா மந்திர் பள்ளியை ஆரம்பித்தபோது அதற்கும் அவர் துணை நின்றார். இன்று அந்தப் பள்ளி வாசலில் பெற்றோர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அவரிடம் ஒரு கைப்பேசி இருந்திருந்தால் எத்தனை மெமோ வந்திருக்கும் என்று நாம் யோசிப்பதுண்டு.

இவ்வளவும் உபாத்தியாயர்களுக்காகப் பேசினோம். இனி அவர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

சிலர் வகுப்பிலேயே ரீல் எடுக்கிறார்கள். சினிமாப் பாட்டுக்குப் பிள்ளைகளை ஆட வைத்து, லட்சம் பேர் பார்த்தார்கள் என்று பூரிக்கிறார்கள். ஒரு குழந்தை விடைத்தாளில் எழுதிய அசட்டு விடையைப் படம் பிடித்துப் போட்டு ஊரைச் சிரிக்க வைக்கிறார்கள். பெயரை மறைத்தாலும் கையெழுத்தை அந்த வகுப்பில் தெரியாதவர் யார்? பதினைந்து வயதில் ஊர் சிரிப்பது என்றால் என்னவென்று அந்த உபாத்தியாயர் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருந்தால் போட்டிருக்க மாட்டார். 2023-இல் பார்லிமெண்டு இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் எல்லோரையும் குழந்தைகளென்றே கொண்டு, அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டுமென்கிறது. சட்டம் இருக்கட்டும், தம் படத்தை மற்றவர் எடுத்துப் போட்டால் தமக்கு எப்படியிருக்கும் என்பதை அறிய உபாத்தியாயருக்குச் சட்டம் வேண்டியதில்லை.

இதைவிடக் கடுமையானது ஒன்றிருக்கிறது. மாணவியோ மாணவனோ தனியாக இருக்கையில், இரவில், அந்தரங்கமாகச் செய்தி அனுப்பும் ஆசிரியர். 2021 மே மாதத்தில் இந்த நகரத்துப் பெரிய பள்ளியொன்றின் பழைய மாணவிகள், தங்களுக்கு வருஷக்கணக்காக நேர்ந்தவற்றைச் சமூக வலைத்தளத்தில் எழுதினார்கள். ஓர் ஆசிரியர் போக்ஸோ சட்டப்படி கைதானார். அதைத் தொடர்ந்து வேறு பள்ளிகளிலிருந்தும் புகார்கள் கிளம்பின. பெரியவர்களிடம் சொல்லத் துணியாத பெண்களுக்கு அன்று வாய் கொடுத்ததும் இதே வலைத்தளந்தான் என்பதையும் சொல்லி விட வேண்டும்.

ஆகவே, கோடு எங்கே என்று நம்மைக் கேட்டால், நாம் கிழிப்பது இங்கேதான். உபாத்தியாயர் என்ன உடுத்துகிறார், எந்தக் கட்சியைப் பேசுகிறார், எந்த நாரையைத் தேடிப் போகிறார் என்பது அவருடைய சொந்தம். ஆனால் மாணாக்கன் அவருடைய சொந்த வாழ்க்கையின் பகுதியல்ல. அவர் தம் பக்கத்தில் அந்தக் குழந்தையின் முகம் வரக் கூடாது. அந்தக் குழந்தையின் போனில் அவருடைய தனிச் செய்தி இருக்கக் கூடாது. சொல்ல வேண்டியதை எல்லோரும் பார்க்கும் குழுவில், பெற்றோர் கண்முன் சொல்லட்டும். இந்த நியாயத்தைத் திருப்பிப் போட்டால் மற்றொன்று கிடைக்கிறது. குழந்தையை அவர் தம் மாலைப் பொழுதுக்குள் இழுக்கக் கூடாதென்றால், குழந்தையைச் சாக்கிட்டுப் பெற்றோரும் அந்த மாலைப் பொழுதுக்குள் புகக் கூடாது.

பிரெஞ்சு தேசத்தில் இதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. வேலை நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளிலிருந்து ஊழியர்களுக்கு விடுதலை கிடைக்கும்படி நிர்வாகமும் ஊழியரும் பேசித் தீர்மானிக்க வேண்டுமென்று 2017 ஜனவரி முதல் அங்கே விதித்திருக்கிறார்கள். ஐம்பது பேருக்கு மேற்பட்ட ஸ்தாபனங்களுக்கு அது பொருந்தும். நம் லோக் சபையிலும் ஸ்ரீமதி சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் இப்படியொரு தனி நபர் மசோதாவைக் கொண்டு வந்தார். அது சட்டமாகவில்லை. சட்டமானாலும், அது மேலதிகாரியைத்தான் தடுக்கும். அல்ஜீப்ரா வராத பிள்ளையின் தாயாரைத் தடுக்குமா? அதற்குப் பள்ளிக்கூடங்களே வழி செய்ய வேண்டும். பள்ளி தன் செலவில் ஒரு நம்பர் வாங்கிக் கொடுத்தால் மாதம் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. குழுவில் ஆசிரியர் மட்டுமே எழுதலாம் என்று வைக்க வாட்ஸ்அப்பிலேயே வசதியிருக்கிறது. இதைச் செய்யாமல், ஆண்டு விழாவில் ஆசிரியர்களைத் தெய்வமென்று போற்றுவதில் குறைச்சலில்லை.

இதையெல்லாம் பூங்காப் பெஞ்சியில் நாம் ஆவேசமாகச் சொன்னோம். "ஏழு மணிக்குப் போனை அணைத்து விடுங்கள். யார் என்ன செய்ய முடியும்?" என்றோம். அம்மாள் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்:

"இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி. பத்தேகால் இருக்கும். ஒரு பெண்ணின் அம்மா கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் பேப்பர் கொடுத்திருந்தேன். பெண் அறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்கவில்லை. அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. போனைக் கதவுப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். நாற்பது நிமிஷம் பேசினேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. கணக்கைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான் தெரியும். அப்புறம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது."

நாம் ஒன்றும் சொல்லவில்லை. பூங்காவில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. பக்கத்துப் பெஞ்சியில் இரண்டு கிழவர்கள் கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் போனை நான் எப்படி அணைப்பேன்?" என்றார் அம்மாள்.

அணைக்க வேண்டாம் என்று ஒப்புக்கொண்டோம். ஆனால் சும்மா விடவும் மனமில்லை. இருவரும் சேர்ந்து அந்தப் பெஞ்சியிலேயே ஒரு செய்தி தயாரித்தோம். வாசகம் அவருடையது, ஒற்றெழுத்துக்களை மட்டும் நாம் திருத்தினோம். 'அன்புள்ள பெற்றோர்களுக்கு, மாலை ஏழு மணிக்கு மேல் வரும் செய்திகளை மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் படிப்பேன். பாட சந்தேகங்களைப் பிள்ளைகள் வகுப்பில் என்னிடம் கேட்கட்டும். ஆனால் வீட்டில் ஏதாவது ஆபத்து என்றால் எந்த நேரமானாலும் போன் செய்யுங்கள், எடுப்பேன்.' சரியாக ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினார். பிறகு நிம்மதியாக லஸ் மூலைக்கு நடந்து போய்க் காப்பி சாப்பிட்டோம். விட்ட இடத்திலிருந்து வித்வான்களைப் பேசி முடித்தோம்.

மறுநாள் காலையில் எட்டு மணிக்கு மேல் அவரைக் கேட்டோம். குழுவில் நாற்பத்தோரு பெற்றோர். முப்பத்தைந்து பேர் கட்டை விரலை உயர்த்திச் சம்மதம் தெரிவித்திருந்தார்கள். ஒருவர் கை கூப்பியிருந்தார். நான்கு பேரிடமிருந்து பதிலில்லை. மிச்சமிருந்த ஒருவரின் பதில் இரவு 9.52-க்கு வந்திருந்தது: 'சரி மிஸ், நல்ல ஏற்பாடு. திங்கட்கிழமை டெஸ்ட் எத்தனை மார்க்குக்கு?'